கைக்கருவியும் காணி எல்லையும்

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதைந்தன. அதன்பின் மலையகத்தில் தனிவீடுகளுக்கு 7 பேர்ச்சஸ் காணி வழங்கப்பட்டது. அது சதுரமானால் ஒரு பக்கம் ஏறத்தாழ 13 மீற்றர்தான். கையடக்க ஜீ.பீ.எஸ். கருவியோ திறந்த வெளியிலேயே சில மீற்றர் பிசகும். மலையும் மரமும் வானை மறைத்தால் பிசகு கூடும்.

என்ன செய்யலாம்?

1. வானம் நன்கு தெரியும் இடத்தில் சில நிமிடம் அசையாமல் நில்லுங்கள்.

2. வெவ்வேறு நேரங்களில் அளந்து சராசரி எடுங்கள்.

3. பழைய வரைபடம் கந்தவல அளவுமுறையிலும் கருவி டபிள்யூ.ஜீ.எஸ். 84 முறையிலும் இருந்தால் நூறு மீற்றருக்கு மேல் விலகும். கருவியின் அமைப்பை வரைபடத்துக்கு ஏற்ப மாற்றுங்கள்.

கருவி இடத்தைக் காட்டும், எல்லையைத் தீர்க்காது. அதை நம்பி அயலவரின் எல்லைக்கல்லைப் பிடுங்காதீர்கள். அனுமதி பெற்ற நில அளவையாளரையே அழையுங்கள்.