உடன் வருபவரிடமும் பேசுங்கள்

அன்புள்ள இளம் மருத்துவருக்கு,

நரம்பியல் பிரிவில் பணி தொடங்கும் உங்களிடம் ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். ஃபிரான்டோடெம்போரல் டிமென்ஷியாவில் குடும்பத்துக்கு நோயைப் புரியவைப்பது சிகிச்சைக்குப் பிந்தைய உபசாரம் அல்ல. இன்று நம் கையிலுள்ள சிகிச்சையில் பெரும்பகுதி அதுதான். இந்நோயை நிறுத்தும் மருந்து இல்லை. அல்சைமருக்கு எழுதும் டோனெபெசில் இங்கே பலன் தருவதில்லை. சிலருக்கு நடத்தையை மேலும் கெடுக்கிறது. மனச்சோர்வு மருந்துகள் சில, படபடப்பை ஓரளவு தணிக்கும்.

டிமென்ஷியா என்றதும் பேரன் பெயரை மறந்த தாத்தாதான் நம் மக்கள் நினைவுக்கு வருகிறார். இந்நோயோ பெரும்பாலும் 45 வயதுக்கும் 65க்கும் இடையில் தொடங்குகிறது. நடத்தையைத் தாக்கும் வகையில் ஞாபகசக்தி நெடுநாள் தப்பித்திருக்கும். முதலில் போவது பரிவும் அடக்கமும். எழவு வீட்டில் சிரிப்பார், இனிப்பைத் தேடித் தேடித் தின்பார், மனைவி காய்ச்சலில் கிடந்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டார். "எல்லாம் ஞாபகம் இருக்கே, வேணும்னே பண்றார்" என்று வீட்டில் முடிவுகட்டிவிடுகிறார்கள். தன்னிடம் கோளாறு இருப்பதை உணரும் திறனும் போய்விடுவதால் அவராக வந்து சொல்லமாட்டார். மனைவியைத் தனியே உட்காரவைத்துக் கேளுங்கள். கணவர் எதிரில் அவர் வாய் திறப்பது கடினம்.

குணமாகாத நோய்க்குப் பெயர் சொல்லிப் பயமுறுத்துவானேன் என்று மூத்தவர்களே கேட்பார்கள். நீங்கள் பெயர் சொல்லாவிட்டால் ஊர் சொல்லும்: குடி, தகாத உறவு, செய்வினை. பரிகாரத்துக்கும் கைப்பணம் கரையும். அறிகுறி தெரிந்து நோய் உறுதியாகச் சராசரியாக மூன்றரை ஆண்டுக்கு மேலாகிறது என்கின்றன மேலை நாட்டுக் கணக்குகள். அந்த இடைவெளியில்தான் வேலை போகிறது. கையாடல், ஒழுங்கீனம் என்று குற்றப்பத்திரிகை வாங்கி, அல்லது தானே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் படிக்கும் வயதில் வருமானம் இல்லாமல் நிற்கிறார். பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளியாகிவிடும் அரசு ஊழியரை வேலைநீக்கம் செய்யவோ பதவியிறக்கவோ கூடாது என்கிறது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். ஆனால் நோய் என்று யாரும் எழுதித் தராதவரை அலுவலகத்தின் கண்ணில் அவர் குற்றவாளிதான். அறிகுறி எப்போது தொடங்கியது என்று விசாரித்துக் கோப்பில் தெளிவாக எழுதுங்கள். அந்த ஒரு வரி பின்னாளில் ஓய்வூதியத்தைக் காப்பாற்றக்கூடும்.

நோய் என்று விளக்கினால் அடியையும் அத்துமீறலையும் பொறுத்துப்போகச் சொல்வதாகாதா? இந்தக் கேள்வி நியாயமானது. ஆகவே விளக்கத்தோடு நிறுத்தாதீர்கள். வாதாடித் திருத்த முடியாது, சுற்றுப்புறத்தைத்தான் மாற்ற வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுங்கள்: வண்டிச் சாவியை எடுத்துவைப்பது, செல்போனில் பணம் அனுப்பும் வசதியை முடக்குவது, தின்பண்டத்தைப் பூட்டுவது. அடி விழும் வீட்டில் மனைவி மக்களின் பாதுகாப்பே முதல் கவலை. அவர்கள் விலகி இருக்க நேர்ந்தால் அது கைவிடுதல் அல்ல என்று உங்கள் வாயால் கேட்பது அவர்களுக்குத் தேவை.

புறநோயாளிப் பிரிவின் கூட்டத்தில் இதற்கெல்லாம் நேரமேது என்பீர்கள். உண்மைதான். எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்ல வேண்டியதில்லை. தமிழில் ஒரு பக்கம் அச்சிட்டுக் கொடுக்கலாம், சமூகப் பணியாளருக்குப் பயிற்சி தரலாம். பிள்ளைகள் "எங்களுக்கும் வருமா?" என்று கேட்கும்போது மட்டும் அவசரப்படாதீர்கள். சி9ஓஆர்எஃப்72 போன்ற மரபணு மாற்றத்தால் வருவது ஒரு பகுதியினருக்கே. குடும்ப வரலாற்றைக் கேட்டறிந்து, மரபணு ஆலோசனை தந்து, அவர்கள் விரும்பினால் மட்டுமே பரிசோதனைக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்த தோழர்