பலகையை அகற்றிய கை: மெய்ந்நிகழ்வுத் திரைப்படங்களில் இனச் சித்திரிப்பும் வரலாற்று மெய்ம்மையும்

ஆய்வுச் சுருக்கம்

உண்மை நிகழ்வுகளைத் தழுவி எடுக்கப்பட்ட அமெரிக்கத் திரைப்படங்கள் கறுப்பினத்தவர் வரலாற்றைக் கையாளும் முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. காலத்தைச் சுருக்குதல், பாத்திரங்களை இணைத்தல் ஆகிய மாற்றங்களினின்றும், ஒரு செயலின் வினைமுதலையே மாற்றுதல் வேறுபட்டது என்பது இதன் கருதுகோள். ‘ஹிட்டன் ஃபிகர்ஸ்’ (2016) முதன்மைச் சான்றாகவும், ‘மிசிசிப்பி பர்னிங்’ (1988), ‘செல்மா’ (2014) ஆகியவை துணைச் சான்றுகளாகவும் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நாடக வழக்கு, உலகியல் வழக்கு, வினைமுதல், இனச் சித்திரிப்பு, மெய்ந்நிகழ்வுத் திரைப்படம்

முன்னுரை

உண்மை நிகழ்வுகளை அடிப்படையாகக் கொண்டது என்னும் அறிவிப்பு, நூலுக்குப் பாயிரம் ஆற்றும் பணியைத் திரைப்படத்திற்கு ஆற்றுகிறது. படைப்பு எவ்வழி வந்தது என்பதை அது உணர்த்துகிறது. அதனை எவ்வாறு ஏற்க வேண்டும் என்பதையும் பார்வையாளருக்குச் சொல்லிவிடுகிறது. அவ்வறிவிப்பை ஏற்றுக்கொண்ட பார்வையாளர், தாம் காண்பவற்றுள் எது நிகழ்ந்தது, எது புனையப்பட்டது எனக் காட்சிதோறும் பிரித்தறிய இயலாது. வரலாற்று நூலில் ஐயம் எழுந்தால் முன்பக்கத்தைப் புரட்டலாம். திரையரங்கில் அதற்கு வழியில்லை.

இத்தகைய படங்கள் வெளிவரும்போதெல்லாம் பிழைப்பட்டியல்களும் உடன் வெளிவருகின்றன. இந்த நிகழ்ச்சி இந்த ஆண்டில் நடக்கவில்லை, இந்தப் பாத்திரம் உண்மையில் வாழ்ந்தவர் அல்லர் என்றவாறு அவை அமைகின்றன. பட்டியல்கள் பயனுடையனவே. எனினும் அவை எல்லாப் பிழைகளையும் ஒரே நிறையாக நிறுக்கின்றன. எவ்வகை மாற்றம் வரலாற்றின் பொருளைத் திரிக்கிறது என்னும் வினா அவற்றில் எழுவதில்லை.

நாடக வழக்கும் பெயர் சுட்டலும்

தொல்காப்பிய அகத்திணையியல் புலனெறி வழக்கத்தை நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்னும் இரண்டன்மேல் நிறுத்துகிறது. சுவைபட வருவன யாவும் ஓரிடத்தே நிகழ்ந்தனபோலத் தொகுத்துரைப்பதே நாடக வழக்கு என்பது இளம்பூரணர் விளக்கத்தின் சாரம். திரைக்கதை ஆசிரியர்கள் இன்று செய்வதும் இதுவே. இருபதாண்டு நிகழ்ச்சிகளை ஓராண்டில் அடக்குவதும் மூன்று மேலதிகாரிகளை ஒருவராக்குவதும் தொகுத்துரைத்தலின்பாற்படும். ஆதலின் அவற்றைப் பிழை என விலக்குவது முறையன்று.

ஆனால் அதே இயலில் மற்றொரு வரையறையும் உண்டு. அன்பின் ஐந்திணையில் தலைமக்கள் பெயர் சுட்டப்பெறுவதில்லை; பெயர் சுட்டினால் பாடல் புறத்திணைக்கு உரியதாகிவிடும். பெயரற்ற தலைவனும் தலைவியும் யாருடைய வாழ்வையும் சான்றாகக் காட்டுவதில்லை என்பதால் புனைவுக்கு அங்கே இடம் விரிகிறது. வாழ்ந்த மனிதரின் பெயரைச் சூடிவரும் திரைப்படம் அந்த உரிமையை முழுமையாகக் கோர முடியாது. அகத்திணை மரபைத் திரைப்படத்தின்மேல் அப்படியே ஏற்றுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. தொகுத்தலுக்கும் திரித்தலுக்கும் இடையே ஓர் எல்லை வரைய இக்கருத்து துணைசெய்கிறது என்ற அளவிலேயே இங்கு எடுத்தாளப்படுகிறது.

லாங்லியின் கணக்கீட்டாளர்கள்

வர்ஜீனியா மாநிலத்து ஹாம்ப்டனில் அமைந்த லாங்லி ஆய்வுக்கூடத்தில், மின்னணுக் கணினிகள் வருவதற்கு முன், கணக்கீடு மனிதர் செய்யும் பணியாக இருந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் 1943 முதல் கறுப்பினப் பெண்கள் அப்பணியில் சேர்க்கப்பட்டனர். வெள்ளையினப் பெண்களிடமிருந்து பிரிக்கப்பட்டு மேற்குப் பகுதிக் கணக்கீட்டுப் பிரிவில் அவர்கள் அமர்த்தப்பட்டனர். மார்கோ லீ ஷெட்டர்லி எழுதிய நூலைத் தழுவி, தியோடர் மெல்ஃபி இயக்கத்தில் வந்த ‘ஹிட்டன் ஃபிகர்ஸ்’, கேத்தரின் ஜான்சன், டாரத்தி வாகன், மேரி ஜாக்சன் ஆகிய மூவரின் வாழ்வை 1961, 1962ஆம் ஆண்டுகளில் நிறுத்திச் சொல்கிறது.

காலச் சுருக்கம் இப்படத்தில் மிகுதி. டாரத்தி வாகன் 1949இலேயே அப்பிரிவின் தலைமைப் பொறுப்பை ஏற்றவர்; படத்திலோ 1961இல் அப்பதவிக்காகக் காத்திருக்கிறார். மேரி ஜாக்சன் பொறியாளரானது 1958இல். அதே ஆண்டில் நாசா தோன்றியபோது மேற்குப் பகுதிக் கணக்கீட்டுப் பிரிவு கலைக்கப்பட்டது. அதாவது, படம் காட்டும் பிரிவு படம் காட்டும் காலத்தில் இல்லை. ஜான் கிளென் புவியைச் சுற்றிவந்த 1962 பிப்ரவரி 20ஆம் நாளை நோக்கி எல்லா நிகழ்ச்சிகளையும் இழுத்துச்செல்லும் திரைக்கதைக்கு இச்சுருக்கம் தேவைப்பட்டிருக்கிறது. கிளென் தம் பயணத்திற்கு முன் கேத்தரின் ஜான்சனைக்கொண்டு எண்களைச் சரிபார்க்கச் சொன்னது உண்மை. அப்பணிக்கு ஏறத்தாழ ஒன்றரை நாள் ஆயிற்று. படத்தில் அது ஏவுதலுக்குச் சற்றுமுன் நிமிடங்களில் முடிகிறது. இவையெல்லாம் நாடக வழக்கு. கணக்கிட்டவர் கேத்தரினே என்னும் உண்மை இவற்றால் குலையவில்லை.

படத்தின் மிகப் புகழ்பெற்ற காட்சி வேறுவகையானது. கறுப்பினப் பெண்களுக்கான கழிப்பறையைத் தேடிக் கேத்தரின் அரைக்கல் தொலைவு ஓடுகிறார்; மழையில் நனைந்து திரும்பி மேலதிகாரி ஆல் ஹாரிசனிடம் வெடிக்கிறார். அதன்பின் ஹாரிசன் கடப்பாரையை எடுத்துவந்து கழிப்பறையின் நிறப் பலகையை எல்லோர் முன்னிலையிலும் அடித்து வீழ்த்துகிறார். ஹாரிசன் பலரை இணைத்துப் புனையப்பட்ட பாத்திரம். பலகை உடைப்பும் புனைவே. உண்மையில், கிழக்குப் பகுதியில் கழிப்பறை எங்கே எனக் கேட்டு வெள்ளையினப் பெண்களின் ஏளனத்திற்கு ஆளானவர் மேரி ஜாக்சன். கேத்தரினோ பெயர்ப்பலகையில்லாத கழிப்பறையைத் தொடக்கம் முதலே பயன்படுத்தினார். அது வெள்ளையருக்கு உரியது என அறிந்த பின்னரும் அதனை விடவில்லை. அவர் யாரிடமும் இசைவு கேட்கவில்லை என்பதே அவ்வரலாற்றின் உயிர்நிலை.

இக்காட்சி இரு திசைகளில் ஒருசேரத் திரிகிறது. ஒருபுறம், கேத்தரின் தனிப்பட எதிர்கொண்டதைவிடக் கொடுமையை மிகுத்துக் காட்டுகிறது. மறுபுறம், அக்கொடுமை நீங்கியதை ஓர் உயர் அலுவலரின் ஒருநாள் சினமாக எளிதாக்கிவிடுகிறது. கொடுமை மிகுத்துச் சொல்லப்பட்டதால் படம் கறுப்பினத்தவர்பால் நிற்கிறது என்று தோன்றும். ஆனால் அம்மிகை, மீட்பவரின் உருவத்தைப் பெரிதாக்கவே பயன்பட்டிருக்கிறது.

லாங்லியில் ஒரு பலகை மெய்யாகவே அகற்றப்பட்டது என்பதுதான் இங்கு நின்று நோக்கத்தக்கது. ஷெட்டர்லியின் நூல் அதனைப் பதிவுசெய்கிறது. உணவுக்கூடத்தின் கடைசியில் ஒரு மேசைமீது, அது கறுப்பினக் கணக்கீட்டாளருக்கு உரியது என அறிவிக்கும் சிறிய அட்டை வைக்கப்பட்டிருந்தது. மேற்குப் பகுதியின் தொடக்கக்காலக் கணக்கீட்டாளர்களுள் ஒருவரான மிரியம் மான் ஒருநாள் அதனை எடுத்துத் தம் கைப்பையில் போட்டுக்கொண்டார். சில நாள்களில் புதிய அட்டை வந்தது. அதுவும் கைப்பைக்குள் சென்றது. வேலை பறிபோகும் என்று கணவர் எச்சரித்தும் அவர் நிறுத்தவில்லை. போர் முடிவதற்கு முன்பே ஒருநாள் அட்டை வருவது நின்றுபோயிற்று. மேசை அங்கேயே இருந்தது, அமர்ந்தவர்களும் அவர்களே. அட்டை மட்டும் திரும்பவில்லை.

வரலாற்றில் பலகையை அகற்றிய கை ஒரு கறுப்பினப் பெண்ணுடையது. திரையில் அது வெள்ளையின அதிகாரியுடையது. கைப்பை நிகழ்ச்சி படத்தில் இடம்பெறவேயில்லை. திரைக்கு உகந்த காட்சி மூலநூலில் கிடைக்காததால் புனைய நேர்ந்தது என்றும் சொல்வதற்கில்லை. திரும்பத் திரும்ப வரும் அட்டை, திரும்பத் திரும்பத் திறக்கும் கைப்பை, அஞ்சும் கணவர், அறிவிப்பின்றி வரும் வெற்றி எனத் திரைக்கதை வேண்டும் அனைத்தும் அதில் இருந்தன. சரியானதைச் செய்யும் வெள்ளையரும் வேண்டும், செய்தவர் யார் என்பது பெரிதன்று என்னும் பொருள்பட மெல்ஃபி ஒரு நேர்காணலில் விடையிறுத்தார். ஆய்வாளருக்கோ செய்தவர் யார் என்பதே முதல் வினா.

இதே மாற்றம் வேறு காட்சிகளிலும் தொடர்கிறது. ஆய்வுக் கூட்டங்களில் பெண்கள் அமர்வதில்லை என்றபோது, அதைத் தடுக்கும் சட்டம் உண்டா எனக் கேத்தரின் விடாது கேட்டு 1958இல் உள்ளே சென்றார்; படத்தில் ஹாரிசன் கதவைத் திறந்துவிடுகிறார். கிளென் பயணத்தன்று கட்டுப்பாட்டு அறைக்குள் அவர் அழைக்கப்படும் காட்சியும் புனைவு. இன்னொரு மாற்றம் எதிர்த்திசையில் செல்கிறது. படத்தில் அறிக்கைகளிலிருந்து கேத்தரின் பெயரை உடன்பணியாளர் ஒருவர் நீக்கிக்கொண்டே இருக்கிறார். ஆனால் 1960 செப்டம்பரில், டெட் ஸ்கோபின்ஸ்கியுடன் இணைந்து எழுதிய அறிக்கை அவர் பெயருடனேயே வெளிவந்துவிட்டது. அவர் ஏற்கெனவே வென்றதை எடுத்துக்கொண்டு, பின்னர் அதைப் பரிசாகத் திருப்பித்தருகிறது திரைக்கதை.

ஓட்டுநர் இருக்கை

அலன் பார்க்கரின் ‘மிசிசிப்பி பர்னிங்’ இம்மாற்றத்தின் கடும் வடிவம். 1964 ஜூன் 21 இரவு மிசிசிப்பி மாநிலத்து நெஷோபா மாவட்டத்தில் ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் என்னும் மூன்று குடியுரிமைத் தொண்டர்கள் கொல்லப்பட்டனர். எரிக்கப்பட்ட ஒரு தேவாலயத்தைப் பற்றி அறியச் சென்று திரும்புகையில் அவர்கள் மறிக்கப்பட்டனர். உடல்கள் ஆகஸ்ட் 4ஆம் நாள் ஒரு மண்ணணையிலிருந்து எடுக்கப்பட்டன. மூவருள் சேனி அப்பகுதியைச் சேர்ந்த கறுப்பின இளைஞர். மற்ற இருவரும் நியூயார்க்கிலிருந்து வந்த வெள்ளையர். வண்டியை ஓட்டியவர் சேனி. அந்தச் சாலைகளை அறிந்தவர் அவரே.

படத்தில் கறுப்பின இளைஞர் பின்னிருக்கையில் அமர்ந்திருக்கிறார், ஓட்டுபவர் வெள்ளையர். கொலையுண்ட மூவருக்கும் அங்குப் பெயரில்லை. பெயர் சுட்டாமையால் புனைவுரிமை கிட்டும் என்று வாதிடலாம். ஆனால் மாநிலமும் காலமும் குற்றமும் அடையாளம் மாறாதிருக்க, இறந்தவரின் பெயர் மட்டும் நீங்குவது அகத்திணை மரபு சார்ந்த பொதுமையன்று. பின்னர் முழுக்கதையும் இரண்டு கூட்டரசுப் புலனாய்வு அலுவலர்களிடம் செல்கிறது. அதே 1964இல் அந்நிறுவனம் எட்கர் ஹூவரின் தலைமையில் மார்ட்டின் லூதர் கிங்கை ஒற்றறிந்துவந்தது. மிசிசிப்பியின் கறுப்பின மக்களோ அந்தக் கோடையில் வாக்குரிமைக்காக அணிதிரண்டிருந்தனர். ஃபேனி லூ ஹேமர் ஆகஸ்டில் சனநாயகக் கட்சி மாநாட்டின் சான்றாய்வுக் குழுமுன் சான்றுரைத்தார். படத்தின் கறுப்பின மக்கள் பெரும்பாலும் அடிபடுகிறார்கள், அஞ்சுகிறார்கள், இறந்தோரைப் புதைக்கிறார்கள். மறிக்கப்பட்டவர்களில் சேனி மட்டுமே இருந்திருந்தால் நாடு தேடியிராது என்று ஷ்வெர்னரின் மனைவி ரீட்டா அப்போதே வெளிப்படையாகச் சொன்னார். இருபத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின் வந்த படம் அக்கூற்றை மெய்ப்பித்தது எனலாம்.

செல்மாவின் எதிர்வழக்கு

ஏவா டுவெர்னேயின் ‘செல்மா’ இந்த அளவுகோலுக்குத் தக்க சோதனை. கிங்கின் சொற்பொழிவுகளைப் பயன்படுத்தும் திரையுரிமை வேறு நிறுவனத்திடம் இருந்தமையால், படத்தில் அவர் பேசும் உரைகள் புதிதாக எழுதப்பட்டன. வரலாற்று நாயகரின் சொற்களே மாற்றப்பட்டது சிறு மாற்றமன்று. இருந்தும் அதுபற்றிப் பெரும் பூசல் எழவில்லை. பூசல் எழுந்தது குடியரசுத் தலைவர் ஜான்சனின் சித்திரிப்பு குறித்தே. அவருடைய முன்னாள் உதவியாளர் ஜோசப் கலிஃபானோ, செல்மா போராட்டமே ஜான்சனின் கருத்து என்று நாளிதழில் எழுதினார். வெள்ளையரின் வினை குறைந்தபோது வரலாற்று மெய்ம்மையின் பெயரால் எழுந்த குரலின் உரப்பு, சேனி பின்னிருக்கைக்கு மாற்றப்பட்டபோது எழுந்ததா என்பது கேட்கத்தக்கது.

எனினும் அளவுகோல் இருபாலார்க்கும் ஒன்றே. கிங்கின் இல்லத்திற்கு வந்த ஒலிநாடாவுக்குப் பின்னால் ஜான்சன் இருந்ததாகப் படம் குறிப்பால் உணர்த்துகிறது. அந்நாடாவைப் புலனாய்வு நிறுவனம் 1964 நவம்பரிலேயே அனுப்பியிருந்தது. ஜான்சன் ஏவியதற்குச் சான்றில்லை. இதுவும் வினைமுதல் மாற்றமே, குற்றமே.

கலிஃபானோவின் கூற்று நிற்காது. அவர் சான்று காட்டுவது 1965 ஜனவரி 15 அன்று ஜான்சனும் கிங்கும் தொலைபேசியில் பேசிய உரையாடலை. செல்மாவில் அமீலியா பாய்ன்டனும் அவருடைய வாக்காளர் சங்கத்தினரும் பல ஆண்டுகளாக உழைத்துவந்தனர். 1963 முதல் மாணவர் இயக்கத்தினரும் அவர்களோடு சேர்ந்திருந்தனர். கிங்கை அங்கு அழைத்தவர்களும் உள்ளூர் மக்களே. கூட்டம் கூடுவதைத் தடைசெய்த நீதிமன்ற ஆணையை மீறி அவர் செல்மாவில் உரையாற்றிய நாள் ஜனவரி 2. தொலைபேசி உரையாடலுக்குப் பதின்மூன்று நாள் முன்னரே பிரௌன் சேப்பல் தேவாலயம் நிறைந்திருந்தது.