கத்தி படாத இடத்தில் புண் ஏன்?

கேள்வி: அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தது. தையல் ஆறிவிட்டது. ஆனால் இடுப்புக்கு அடியில் தோல் சிவந்து கொப்பளித்திருக்கிறது. பெட்டடின்தான் காரணம் என்கிறார்கள். அம்மாவுக்கு மீனும் ஒத்துக்கொள்ளாது. இனி அயோடினே கூடாதா?
– வாசகி ஒருவர்

பதில்: பெட்டடினால் வந்ததென்றால், இது பெரும்பாலும் ஒவ்வாமை அல்ல, ரசாயனப் புண். பெட்டடினில் இருப்பது பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி. பூசியதும் அது நன்றாகக் காய வேண்டும். வழிந்து இடுப்புக்கு அடியில் தேங்கினால், ஈரமும் உடலின் அழுத்தமும் சேர்ந்து தோலைப் புண்ணாக்கும். மயக்கத்தில் இருப்பவருக்கு எரிச்சல் தெரியாது. படுக்கைப் புண்ணும் மின்கத்தியின் சூடும்கூட இப்படித் தோன்றலாம். அதனால் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் உடனே காட்டுங்கள்.

மீன் ஒத்துக்கொள்ளாததற்குக் காரணம் அதிலுள்ள புரதம், அயோடின் அல்ல. அதற்காக அயோடினை ஒதுக்க வேண்டாம்.

உண்மையான ஒவ்வாமையில் அரிப்பு அதிகம் இருக்கும். மருந்து பட்ட இடமெங்கும் தோல் தடிக்கும். சந்தேகம் இருந்தால் தோல் மருத்துவர் பேட்ச் டெஸ்ட் செய்து சொல்வார்.

குளோர்ஹெக்சிடின் என்ற இன்னொரு கிருமிநாசினியில் கூடுதல் கவனம் தேவை. அரிதாக, அது மூச்சுத்திணறலையும் ரத்த அழுத்த வீழ்ச்சியையும் உண்டாக்கும். 2017இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதைப் பற்றி எச்சரித்தது. சில மவுத்வாஷ்களிலும் அது உண்டு. அவற்றால் வாய் கொப்பளித்து உடம்பு தடித்த அனுபவம் இருந்தால், அடுத்த ஆபரேஷனுக்கு முன் மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியிலும் எழுதி வாங்குங்கள்.