திறந்து கிடக்கும் எண்கள்

அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தின் ஆப்பரேட்டிங் சிஸ்டம் லேபில் ஃபோர்க், குளோஸ் போன்ற சிஸ்டம் கால்கள் ஆரம்பத்திலேயே வந்துவிடும். விருதுநகரில் பொறியியல் படிக்கும் பிள்ளைக்கும் குளோஸ் என்றால் என்னவென்று தெரியும். அதோடு சில தவறான நம்பிக்கைகளும் ஒட்டிக்கொள்கின்றன.

நம்பிக்கை: புரோகிராம் முடிந்தால் கெர்னலே எல்லாவற்றையும் மூடிவிடும், நாம் மெனக்கெட வேண்டாம்.

உண்மை: முடிந்தால் மூடும். எக்ஸெக் என்ற சிஸ்டம் காலைக் கூப்பிடும்போதோ புரோகிராம்தான் மாறுகிறது, ப்ராசஸ் முடிவதில்லை. 'குளோஸ்-ஆன்-எக்ஸெக்' குறி இல்லாத ஃபைல் டிஸ்க்ரிப்டர்கள், அதாவது திறந்திருக்கும் ஃபைல்களைக் குறிக்கும் எண்கள், புதிய புரோகிராமின் கைக்கு அப்படியே போய்ச் சேரும். டாக்கருக்கு அடியில் ஓடும் ரன்சி மென்பொருளில் 2024 ஜனவரியில் வெளிப்பட்ட ஓட்டை இப்படிப்பட்டதுதான். மூடாமல் கசிந்த ஒரு டிஸ்க்ரிப்டர் வழியாக, கன்டெய்னருக்குள் அடைபட்டிருக்க வேண்டிய புரோகிராம் ஹோஸ்ட் கணினியின் ஃபைல்களைத் தொட முடிந்தது.

நம்பிக்கை: எக்ஸெக்குக்கு முன் 3 முதல் உச்ச வரம்பு வரை லூப் போட்டு மூடினால் போதும்.

உண்மை: வரம்பு 1024 ஆக இருந்தவரை சரி. சில டாக்கர் கன்டெய்னர்களுக்குள் 'யூலிமிட் -என்' என்று அடித்துப் பாருங்கள். 1073741816 என்று வரும். திறக்காத எண்ணை மூடச் சொன்னாலும் கெர்னலுக்குள் போய், பிழை வாங்கிக்கொண்டுதான் திரும்ப வேண்டும். ஒரு முறைக்கு 100 நானோநொடி என்று வைத்தால்கூட 107 நொடி வீண். அவ்வளவு நேரத்தில் உருப்படியாக மூடியது நாலைந்தாக இருக்கும்.

'ப்ராக்' கோப்பகத்தைப் பார்த்து, திறந்திருப்பவற்றை மட்டும் மூடலாமே என்பார்கள். ப்ராக் மவுன்ட் ஆகாத சாண்ட்பாக்ஸில் அது செல்லாது. பல திரெட்கள் ஓடும் புரோகிராமில் ஃபோர்க்குக்குப் பிறகு, கோப்பகத்தைத் திறக்கும் ஓப்பன்டிர் கூப்பிடுவது ஆபத்தும்கூட: அது மெமரி கேட்கும்; மெமரிக்கான பூட்டை வேறொரு திரெட் பிடித்திருந்த நொடியில் ஃபோர்க் நடந்திருந்தால், சைல்ட் ப்ராசஸ் அங்கேயே உறைந்துவிடக்கூடும்.

நம்பிக்கை: 'குளோஸ்_ரேஞ்ச்' எல்லாவற்றையும் ஒரே அடியில் மூடுகிறது.

உண்மை: கிறிஸ்டியன் பிரவுனர் எழுதி, 2020 அக்டோபரில் லினக்ஸ் 5.9இல் வந்த இந்த அழைப்பு சிவகாசிச் சரவெடி மாதிரி. பற்றவைப்பது ஒரு திரி, வெடிப்பது ஒவ்வொன்றாகத்தான். உள்ளே கெர்னல் ஒவ்வொரு டிஸ்க்ரிப்டரையும் தனித்தனியாகவே மூடுகிறது. மிச்சமாவது கெர்னலுக்குப் போய்வரும் போக்குவரத்து. நீங்கள் என்ன உச்ச எண் கொடுத்தாலும், அந்த ப்ராசஸின் டிஸ்க்ரிப்டர் டேபிளின் நிஜ அளவோடு கெர்னல் நின்றுகொள்ளும்.

வடிவமைப்பில் அழகான இடம் இன்னொன்று. சோலாரிஸில் பழகிய 'குளோஸ்ஃப்ரம்', ஒரு எண்ணிலிருந்து மேலே உள்ள அனைத்தையும் மூடும். நடுவில் ஒன்றை விட்டுவைக்க வழியில்லை. இங்கே தொடக்க எண், முடிவு எண் இரண்டும் உண்டு. 7ஐக் காப்பாற்ற வேண்டுமா? 3 முதல் 6 வரை ஒரு அழைப்பு, 8 முதல் கடைசி வரை இன்னொன்று.

மூன்றாவதாக ஃபிளாக்குக்கும் இடம் விட்டார்கள். அதனால்தான் 5.11இல், உடனே மூடாமல் குளோஸ்-ஆன்-எக்ஸெக் குறியை மட்டும் மொத்தமாகப் போடும் வசதியைச் சேர்க்க முடிந்தது. எக்ஸெக் தோற்றுப்போனால், பேரன்ட் ப்ராசஸுக்குக் காரணம் சொல்ல வேண்டிய பைப் அப்போதும் திறந்தே இருக்கும்.