வெள்ளம் வருமுன் அணை

நுழையும்முன்

புயல் என்றவுடன் கடற்கரை ஊர்களே நினைவுக்கு வருகின்றன. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த பெங்களூருவுக்குப் புயலால் என்ன இடர் நேரும் என்று எண்ணத் தோன்றும். கரையைக் கடந்த புயலின் காற்று விரைவில் தளர்ந்துவிடும். மழையோ உள்நாடு வரை தொடரும். பருவமழையும் கோடை இடிமழையும் இதனுடன் சேரும்போது, கணினியை நம்பி வாழும் நகரம் தன் கருவிகளைக் காக்கும் வழியை அறிந்திருத்தல் வேண்டும். அவ்வழியை இப்பாடம் விளக்குகிறது.

ஏரிகளின் நகரம்

பெங்களூருவில் பேராறு எதுவும் இல்லை. ஆகவே முன்னோர் ஏரிகளை வெட்டினர். மேட்டில் உள்ள ஏரி நிறைந்ததும் மிகுநீர் கால்வாய் வழியே பள்ளத்தில் உள்ள அடுத்த ஏரிக்குச் செல்லும். இக்கால்வாய்களைக் கன்னட மக்கள் 'ராஜகாலுவே' என்று அழைக்கின்றனர். பெள்ளந்தூர் ஏரியின் நீர் வர்த்தூர் ஏரியை அடைந்து, பின் தென்பெண்ணையாற்றில் கலந்து, தமிழ்நாட்டின் வழியே ஓடிக் கடலூர் அருகே வங்கக் கடலைச் சேர்கிறது.

நகரம் வளர்ந்தபோது ஏரிகள் பல மறைந்தன, கால்வாய்கள் குறுகின. நீர் தன் பழைய வழியை மறப்பதில்லை. 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் நகரில் 13 செ.மீ.க்கும் மேல் மழை பெய்தது. அது புயல்மழை அன்று, பருவமழையே. எனினும் பெள்ளந்தூர், மாரத்தஹள்ளி, சர்ஜாபுரச் சாலைப் பகுதிகளும், தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் நிறைந்த வெளிவட்டச் சாலையும் நீரில் மூழ்கின. மென்பொருள் பொறியாளர்கள் டிராக்டர்களில் ஏறி அலுவலகம் சென்ற காட்சியை நாடே கண்டது.

நீரால் நின்ற நீர்

அதே நாள்களில், கவனிக்கத்தக்க வேறொரு நிகழ்ச்சியும் நடந்தது. பெங்களூருவுக்குக் காவிரி நீர் ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவிலிருந்து மின்பொறிகளால் மேலேற்றப்பட்டு வருகிறது. மண்டியா மாவட்டத்தில் உள்ள தொரெகாடனஹள்ளி நீரேற்று நிலையத்திற்குள் மழைவெள்ளம் புகுந்தது. பொறிகள் மூழ்கின. வெள்ளத்தை வெளியேற்றிப் பொறிகளைச் சீர்செய்யும் வரை, நகரின் பல பகுதிகளில் குடிநீர் வழங்கல் நின்றது. தெருவெங்கும் வெள்ளம், குழாயில் நீர் இல்லை! மின்கருவி ஒன்று நனைந்தால் அதன் உரிமையாளர் மட்டும் துன்புறுவதில்லை. அதை நம்பியிருக்கும் அனைவரும் துன்புறுகின்றனர் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தியது.

பிற நகரங்கள் தந்த பாடம்

2015ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் தொடங்கிய பெருமழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்திற்குள் ஏறத்தாழ 49 செ.மீ. மழை பதிவாயிற்று. சென்னை விமான நிலையம் பல நாள் மூடப்பட்டது. 1878இல் தொடங்கப்பெற்ற 'தி இந்து' ஆங்கில நாளிதழ், டிசம்பர் 2 அன்று சென்னையில் அச்சாகவில்லை. மறைமலை நகரில் உள்ள அச்சகத்திற்குப் பணியாளர்கள் சென்று சேர இயலாமையே காரணம். கருவி நலமாக இருந்தாலும், அதை இயக்குவோர் வர இயலாவிடில் பணி நின்றுவிடும்.

அமெரிக்காவில் 2012ஆம் ஆண்டு அக்டோபர் 29 அன்று 'சாண்டி' என்னும் சூறாவளி நியூயார்க்கைத் தாக்கியது. அங்கே ஒரு தரவு மையத்தின் கணினிகள் 17ஆம் தளத்தில் நனையாமல் இருந்தன. ஆனால் மின்னாக்கிக்கு எரிபொருளை ஏற்றும் பொறி நிலத்தடித் தளத்தில் இருந்தது. அது கடல்நீரில் மூழ்கியது. ஊழியர்கள் வாளி வாளியாக டீசலைப் படிக்கட்டு வழியே 17 தளங்கள் வரை சுமந்து சென்று கணினிகளை இயங்கச் செய்தனர். சங்கிலியின் வலிமை அதன் நலிந்த கண்ணியில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நீர் எவ்வாறு கெடுக்கிறது?

தூய நீர் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. வெள்ளநீரோ உப்பும் சேறும் கழிவும் கலந்தது. ஆதலால் மின்சாரத்தைக் கடத்தும். மின்னோட்டம் உள்ள சுற்றுப்பலகையில் அந்நீர் பட்டால் குறுக்குச்சுற்று ஏற்படும். நுண்ணிய செம்புத் தடங்கள் விரைந்து அரிக்கப்படும். மின்னிணைப்பு இல்லாத பலகை நனைந்தால், சேதம் மெதுவாகவே நிகழும். அதை மீட்கவும் வாய்ப்புண்டு. 'முதலில் இணைப்பைத் துண்டி' என்னும் அறிவுரையின் அடிப்படை இதுவே.

நிலைவட்டின் நிலை இன்னும் நுட்பமானது. சுழலும் தட்டுக்கும் அதைப் படிக்கும் முனைக்கும் உள்ள இடைவெளி, தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. சேற்றுத் துகள் புகுந்த வட்டை இயக்கினால் முனை தட்டைக் கீறிவிடும். பல்லாண்டு உழைப்பு நொடியில் அழியும்.

மின்னல் வேறு வழியில் வருகிறது. அருகில் எங்கோ விழும் மின்னல், கம்பிகளில் மின்னெழுச்சியை உண்டாக்குகிறது. அது மின்கம்பி வழியே மட்டுமன்றி, இணையக் கம்பி வழியேயும் கருவிக்குள் புகும்.

காக்கும் முறைகள்

மழைக்காலத்திற்கு முன்:
1. வழங்கிக் கணினிகளையும் மின்கலங்களையும் நிலத்தடித் தளத்திலோ தரைத்தளத்தின் தரையிலோ வைத்தல் கூடாது. இட வசதி இல்லாவிடில், உயர்ந்த மேடையில் வைத்தல் வேண்டும்.
2. மின்னாக்கியும் அதன் எரிபொருள் பொறியும் வெள்ளம் எட்டாத உயரத்தில் உள்ளனவா என ஆராய்தல் வேண்டும்.
3. மின்னெழுச்சித் தடுப்பானைப் பொருத்தலும் நில இணைப்பைச் சோதித்தலும் தேவை. நில இணைப்பு பழுதானால் தடுப்பான் தன் பணியை நன்கு செய்யாது.
4. தரவுகளுக்கு மூன்று படிகள் வேண்டும். அவற்றை இருவகைச் சேமிப்புக் கருவிகளில் வைத்தல் நலம். ஒரு படி வேற்றூரில் இருத்தல் மிக நலம். மூன்று படிகளும் ஒரே கட்டடத்தில் இருந்தால், ஒரே வெள்ளம் மூன்றையும் கொண்டுபோய்விடும்.
5. காப்புப்படியிலிருந்து கோப்பைத் திறந்து பார்த்து, அது பயன்படுமா என அவ்வப்போது சோதித்தல் வேண்டும்.

எச்சரிக்கை வந்தபின்:
1. கணினியை முறைப்படி நிறுத்தி, மின்செருகியையும் இணையக் கம்பியையும் கழற்றுதல் வேண்டும்.
2. கருவிகளை மேசைமேல் ஏற்றிச் சாளரத்தை விட்டு விலக்கி, நெகிழி உறையால் மூடுதல் வேண்டும். இயங்கும் கருவியை மூடுதல் கூடாது. அது சூடேறிக் கெடும்.
3. இடி முழங்கும்போது செருகிகளைத் தொடுதல் கூடாது. கழற்ற வேண்டியவற்றை முன்னரே கழற்றிவிடுதல் வேண்டும்.

வெள்ளம் வடிந்தபின்:
1. நீர் தேங்கிய அறைக்குள் உடனே நுழைதல் கூடாது. முதன்மை மின்னிணைப்பை நிறுத்திய பின்னும் தடையிலா மின்வழங்கியின் மின்கலத்தில் மின்சாரம் இருக்கும். மின்பணியாளர் சோதித்த பின்னரே உள்ளே செல்லுதல் வேண்டும்.
2. நனைந்த கருவியை 'வேலை செய்கிறதா' என்று இயக்கிப் பார்த்தல் கூடாது. உலராத பலகையில் மின்சாரம் பாய்ந்தால், பிழைத்திருக்கும் பகுதியும் கெட்டுவிடும்.
3. அரிசியில் புதைத்து வைத்தல் பயன் தராது. உப்பும் சேறும் உள்ளேயே தங்கிவிடும். பயிற்சி பெற்றவர் பிரித்துத் தூய்மை செய்தலே தக்க வழி.
4. காப்பீட்டுக்காகச் சேதத்தை ஒளிப்படம் எடுத்து வைத்தல் நலம்.

கணினியை விலை கொடுத்து மீண்டும் வாங்கலாம். ஊழியர்களின் ஊதியக் கணக்கும் நோயாளியின் மருத்துவக் குறிப்பும் மாணவரின் மதிப்பெண் பட்டியலும் எக்கடையிலும் கிடைப்பதில்லை. அவற்றினும் மேலானது மனித உயிர். ஆகவே உயிர், தரவு, கருவி என்னும் வரிசையிலேயே பாதுகாப்பு அமைதல் வேண்டும்.

சொற்பொருள்

அரித்தல் – சிறிது சிறிதாகத் தின்று அழித்தல்
மின்னெழுச்சி – மின்னழுத்தம் திடீரென மிகுதல்
வழங்கி – பிற கணினிகளுக்குத் தரவு தரும் கணினி
காப்புப்படி – பாதுகாப்புக்காக எடுத்து வைக்கும் மறுபடி
மின்னாக்கி – ஜெனரேட்டர்
தடையிலா மின்வழங்கி – யு.பி.எஸ்.

இலக்கணக் குறிப்பு

நனையாமல் – எதிர்மறை வினையெச்சம்
உலராத பலகை – எதிர்மறைப் பெயரெச்சம்
உப்பும் சேறும் – எண்ணும்மை
பேராறு – பண்புத்தொகை

மதிப்பீடு

அ) பிரித்து எழுதுக.
1. மின்னிணைப்பு
2. நிலத்தடி
3. பேராறு

ஆ) குறுவினா
1. 'ராஜகாலுவே' என்பது யாது?
2. நனைந்த கணினியை உடனே இயக்குதல் ஏன் கூடாது?
3. காப்புப்படிகளுள் ஒன்று வேற்றூரில் இருக்க வேண்டுவது ஏன்?

இ) சிறுவினா
1. தொரெகாடனஹள்ளி நிகழ்ச்சி உணர்த்தும் உண்மையை எழுதுக.
2. நியூயார்க் தரவு மையத்தின் திட்டத்தில் இருந்த குறை யாது? அதை எவ்வாறு தவிர்த்திருக்கலாம்?

ஈ) நெடுவினா
'வெள்ளம் வருமுன் அணை' என்னும் தலைப்பின் பொருத்தத்தைப் பாடக்கருத்துகளைக் கொண்டு விளக்குக.

உ) செயல்பாடு
பள்ளிக் கணினி அறையை ஆசிரியர் துணையுடன் பார்வையிடுக. கருவிகள் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளன, சாளரத்திலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளன என்று அளந்து குறிக்க. மாற்ற வேண்டியவை இருப்பின், முதல்வருக்கு விண்ணப்பக் கடிதம் ஒன்று எழுதுக.