கடனீர்த் தொட்டியிற் கடற்பாசி: நன்மையும் தீமையும்

பாசிக்குடா என்னும் பெயரை நாம் நாள்தோறும் வழங்குகின்றோம். அதன் பொருளை நினைந்து பார்ப்பவர் சிலரே. பாசி படர்ந்த குடா என்பதே அப்பெயரின் பொருள். செங்கலடிச் சந்தியினின்று வடக்கே சென்றால் அக்குடாவின் பவளப் பார்களைக் காணலாம். தெற்கே சென்றால் ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியைக் காணலாம். கடலும் வாவியும் இவ்வாறு இருபுறமும் சூழ வாழும் எம்மனோர், அந்நீருலகின் ஒரு சிறு கூற்றைக் கண்ணாடித் தொட்டியில் வைத்துக் கண்டு மகிழ விரும்புதல் இயல்பே.

தொட்டி வைப்போருட் பலர் வண்ண மீன்களையே நாடுவர். பாசியைக் கண்டவிடத்து அழுக்கெனச் சுரண்டி எறிவர். வேறு சிலர் பாசியே தொட்டிக்கு உயிர் என்று போற்றுவர். இவ்விரு கொள்கைகளுள் எது ஏற்புடைத்து என்பதை ஈண்டு ஆராய்வோம்.

கடற்பாசியின் இயல்பு

கடற்பாசி எனப் பொதுவாக வழங்குபவை அல்கா வகுப்பைச் சேர்ந்தவை. கண்ணாடியில் வழுவழுப்பாகப் படிவது நுண்பாசி. இலைபோலவும் கொடிபோலவும் கண்ணுக்குத் தெளிவாகப் புலப்படுவது பெரும்பாசி. இக்கட்டுரை பின்னதைப் பற்றியது. நிறம்பற்றி அவற்றைப் பச்சை, சிவப்பு, கபிலம் என மூவகையாகப் பகுப்பர். உல்வா, கீட்டோமோர்ப்பா, கோலெர்ப்பா என்பன பச்சைப் பாசிகள். 19 ஆம் நூற்றாண்டின் மருந்து நூல்களில் ‘இலங்கைப் பாசி’ என்று பெயர்பெற்ற கிரசிலேரியா சிவப்புப் பாசி. நம்மவர் அதனைக் கஞ்சிப் பாசி என்பர். சர்காசம் கபிலப் பாசி.

பாசிகளுக்கு நிலத் தாவரங்களுக்குள்ளது போன்ற உண்மையான வேர் இல்லை. பற்றுறுப்பாற் கல்லைப் பற்றி நிற்பினும், உணவை உடல் முழுவதாலும் நீரிலிருந்தே உறிஞ்சுகின்றன. இவ்வியல்பே அவற்றின் நன்மைக்கும் தீமைக்கும் காரணமாதலை மேலே காண்போம்.

நன்மைகள்

தொட்டியில் மீன் உண்ட மிச்சமும் அதன் கழிவும் அமோனியாவாக மாறுகின்றன. அமோனியா மீனுக்கு நஞ்சு. பற்றீரியங்கள் அதனை முதலில் நைத்திரைற்றாகவும், பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. நைத்திரேற்று அத்துணைக் கொடியதன்றாயினும் நாள்தோறும் சேர்ந்துகொண்டே போவது. கடலில் அதனை விரிவாக்கி ஒதுக்க இடமுண்டு, தொட்டியில் இல்லை. பாசி இந்த நைத்திரேற்றையும் அமோனியாவையும் பொசுபேற்றையும் உணவாகக் கொண்டு வளர்கின்றது. வளர்ந்த பாசியின் ஒரு பகுதியை வெட்டி வெளியேற்றும்போது அக்கழிவும் அதனுடன் வெளியேறுகின்றது.

இங்கே மாணவர் கூர்ந்து நோக்கவேண்டியது ஒன்றுண்டு. பாசி கழிவை அழிப்பதில்லை. தன் உடலிற் சேமித்து வைப்பதே செய்கின்றது. வெட்டி எடுக்காத பாசி முதிர்ந்து அழுகுமாயின், சேமித்தவை யாவும் மீண்டும் நீரிற் கலந்துவிடும். எனவே தொட்டியைத் தூய்மையாக்குவது பாசியுடன் அதனை அறுக்கும் கையும் சேர்ந்தே என்க.

இரண்டாவது நன்மை ஒளித்தொகுப்பால் வருவது. பகலிற் பாசி காபனீரொட்சைட்டை உட்கொண்டு ஒட்சிசனை வெளிவிடுகின்றது. நீரின் காரத்தன்மை உயர்கின்றது. இரவிற் சுவாசம் மட்டுமே நிகழ்தலால் இது தலைகீழாகின்றது. இவ்வேற்றத் தாழ்வைக் குறைக்க அறிஞர் ஓர் உபாயம் கண்டனர். பாசியை மீன்களோடு வையாது, அருகில் ஒரு சிறு புகலிடத் தொட்டியில் வளர்த்து, பெருந்தொட்டியில் விளக்கணைந்த இரவுவேளையில் அதற்கு விளக்கேற்றுவர். இரு தொட்டிகளின் நீரும் இடையறாது கலத்தலால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும்.

அப்புகலிடத்திலே நுண்ணிய கூனி போன்ற உயிர்கள் பெருகி மீன்களுக்கு இரையாகும். வெட்டிய பாசியையும் தாவரமுண்ணும் மீன்களுக்கு உணவாக இடலாம்.

இம்முறை புதியதன்று. இங்கிலாந்தின் இரசாயன அறிஞர் றொபேட் வாரிங்டன் 1850 இல் மீன், நத்தை, நீர்த்தாவரம் மூன்றும் ஒன்றையொன்று தாங்கும் நன்னீர்த் தொட்டியை விளக்கினார். 1854 இல் பிலிப் என்றி கொசு ‘தி அக்குவேரியம்’ என்ற நூலால் கடனீர்த் தொட்டியைப் பொதுமக்களிடையே பரப்பினார். அதன்பின் இங்கிலாந்தின் கரையோரப் பாறைக் குளங்களைச் சேகரிப்போர் சூறையாடிய கதையை அவர் மகன் எட்மண்டு கொசு 1907 இல் வெளிவந்த தம் நூலில் வருத்தத்துடன் எழுதியுள்ளார். அழகை வீட்டிற்குக் கொணரும் ஆசையால் அழகின் பிறப்பிடம் வெறுமையான வரலாறு அது.

தீமைகள்

‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்பது பாசிக்கும் பொருந்தும். விரைந்து வளரும் பாசி பவளங்களின் மேற் படர்ந்து ஒளியை மறைக்கும். நீரிலுள்ள இரும்பு முதலிய சிற்றளவுப் பொருள்களைத் தீர்த்துவிடும். தன்னிடமிருந்து கசியும் சேதனப் பொருள்களால் நீரை மஞ்சளாக்கும். அதனை நீக்கக் கரி வடிகட்டி வேண்டும்.

மேலும், பாசியின் உடலிற் பொசுபரசு அணு ஒன்றுக்கு நைதரசன் அணுக்கள் ஏறக்குறைய 30 இருக்கும் என்பது கணிப்பு. ஆதலின் நைத்திரேற்று முழுவதும் தீர்ந்தவிடத்து, பொசுபேற்று எஞ்சியிருப்பினும் பாசி வளராது மெலியும். பாசி இருக்கின்றதே என்று நீரைச் சோதியாது விடுதல் தவறு.

கோலெர்ப்பாவிடம் தனித்த ஓர் இடர் உண்டு. அதன் கொடியும் இலையும் எத்துணை நீண்டிருப்பினும் இடையிற் குறுக்குச் சுவரில்லாத ஒரே கலம் அது. இனப்பெருக்க வேளையில் அக்கலத்தின் உள்ளீடு முழுவதும் புணரிகளாக மாறி நீரில் வெளியேறும். எஞ்சுவது வெண்ணிறக் கூடு மட்டுமே. மாலையிற் பசுமையாயிருந்த தொட்டி மறுநாட் காலையிற் பால்போற் கலங்கி, ஒட்சிசன் குன்றி, மீன்கள் மூச்சுத் திணறும் நிலை இதனால் நேரும். கீட்டோமோர்ப்பாவும் கிரசிலேரியாவும் இவ்வாறு திடீரெனக் கலைந்து போவது அரிது. தொடக்கநிலை மாணவர்க்கு அவையே ஏற்றவை.

தொட்டியின் எல்லை கடந்த தீமை

மேற்கூறியவை யாவும் தொட்டிக்காரருக்கு மட்டுமே இழப்பு. ஊருக்கே இழப்பாவது ஒன்றுண்டு. கோலெர்ப்பாவின் சிறு துண்டும் தனித்து வளரவல்லது. ஐரோப்பியக் காட்சித் தொட்டிகளில் அழகுக்கென வளர்க்கப்பட்ட கோலெர்ப்பா தக்சிபோலியா என்னும் வகை, 1984 இல் மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்தின் கீழே கடலிற் காணப்பட்டது. அன்று அதன் பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர மீற்றர். 1989 இல் ஏறக்குறைய ஓர் எக்டேயர். பின்னர் அது பிரான்சு, இத்தாலி, இசுப்பானியா, குரோவேசியா நாடுகளின் கரைகளுக்கும் பரவியது. நீசு நகரப் பேராசிரியர் அலெக்சாந்தர் மைனேசு தொடக்கத்திலேயே எச்சரித்தார். காலத்தில் அது கேட்கப்படவில்லை. பிற்காலத்திற் பல இடங்களில் அப்பாசி தானே குன்றியதாயினும் அதனை முற்றாகக் களைதல் இயலவில்லை.

2000 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அதே பாசி கலிபோர்ணியாவின் அகுவா எதியோண்டா என்னும் கடலேரியிற் காணப்பட்டது. அங்குள்ளோர் காலந்தாழ்த்தவில்லை. கறுப்பு விரிப்புகளால் அதனை மூடி, உள்ளே குளோரீன் செலுத்தி, ஆண்டுக்கணக்கிற் காவல் இருந்து, 2006 இல் ஒழித்துவிட்டதாக அறிவித்தனர். செலவு 70 இலட்சம் டொலருக்கு மேல். யாரோ ஒருவர் தொட்டியைக் கழுவி ஊற்றியதன் விளைவே இது என்று கருதப்படுகின்றது.

அண்டையிலுள்ள மன்னார் வளைகுடாவில், பயிராகக் கொணரப்பட்ட கப்பாபைக்கசு என்னும் சிவப்புப் பாசி குருசடைத் தீவின் பவளங்களின் மேற் படர்ந்ததை ஆய்வாளர் 2008 இல் எடுத்துரைத்தனர். எம் நாட்டின் அனுபவமும் வேறன்று. ஆற்றுவாழை அழகிய பூவுக்காக 1904 அளவில் இலங்கைக்கு வந்தது. 1909 இல் அதனைத் தடுக்கச் சட்டம் இயற்றவேண்டியதாயிற்று. சல்வீனியா 1939 இல் தாவரவியற் கல்விக்கென வந்து வயல்களையும் குளங்களையும் மூடியது. கல்வியின் பெயரால் வந்ததும் களையாகும் என்பதை ஆய்வுகூட மாணவர் மறத்தல் கூடாது.

எம் வாவியின் நிலையையும் எண்ணிப் பார்க்க. படுவான்கரை வயல்களின் உரநீரும் ஊர்களின் கழிவுநீரும் அதனுள் வடிகின்றன. மழையற்ற காலத்தில் முகத்துவாரம் மணலால் அடைபட, நீர் உள்ளேயே தங்குகின்றது. பாசிக்கு வேண்டிய உணவு மிகுந்த பெருந்தொட்டி அது. ஆயின் அறுத்து வெளியேற்றும் கை அங்கில்லை. ஆங்கே அயற்பாசியொன்று காலூன்றுமாயின் வலை வீசி வாழ்வோரும் இறால் பிடித்து வாழ்வோருமே முதலில் அதன் துன்பத்தை அறிவர்.

கொள்ளத்தக்க நெறி

ஆகவே, கடற்பாசி தொட்டிக்கு ஆகாதது என்பதும், அதுவே போதும் என்பதும் முழு உண்மையல்ல. தொட்டி வைக்க விரும்புவோர்க்கு யாம் கூறுவன இவை:

1. எம் கரைக்கு உரிய பாசியையே தெரிந்துகொள்க. கோலெர்ப்பாவின் பல வகைகள் வெப்பமண்டலக் கடல்களுக்கு உரியனவாயினும், கடையில் விற்கும் பாசி எங்கிருந்து வந்ததென அறியாது வாங்கற்க. பவளப் பாரிலிருந்து எதனையும் பெயர்த்தெடுக்கவும் வேண்டா.

2. பாசியை மீன் தொட்டியிற் கலவாது புகலிடத் தொட்டியில் வளர்க்க.

3. அடர்ந்தவுடன் மூன்றிலொரு பகுதியை வெட்டுக. முற்றும் வெட்டினாற் கழிவை உறிஞ்ச எதுவும் எஞ்சாது.

4. நீரின் உவர்ப்பையும் நைத்திரேற்றையும் கிழமைதோறும் சோதித்து எழுதிவைக்க. கடனீரின் உவர்ப்பு ஆயிரத்துக்கு ஏறக்குறைய 35 பங்கு.

5. வெட்டிய பாசியை நன்னீரிற் கழுவி, வெயிலில் முற்றாக உலர்த்திப் புதைக்க. தொட்டி நீரை வாவியிலோ வாய்க்காலிலோ கடலிலோ ஒருபோதும் ஊற்றற்க, வெறுநிலத்தில் ஊற்றுக.

ஐந்தாவது விதியை மறந்தவன் ஏனைய நான்கையும் பேணிப் பயனில்லை. எம் கல்லூரி மாணவர் ஆய்வுகூடத்திலே இத்தகைய தொட்டியொன்றை அமைப்பாராயின், முதலாவது நாளிலேயே அவ்விதியைப் பெரிய எழுத்தில் எழுதித் தொட்டியின்மேல் ஒட்டிவைப்பாராக. பழைய மாணவராகிய நாம் பிள்ளைப் பருவத்தில் நீந்தித் திளைத்த வாவியை, எமக்குப் பின் வருவோரும் அவ்வாறே பெறவேண்டுமென்பது எம் வேண்டுகோள்.