நார் தாங்கும், பட்டி மூடும்: ஃபைபர் படகின் ஓட்டையை அடைக்கும் முறை

2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரையில் ஃபைபர் படகுகள் மளமளவென்று பெருகின. இன்று எந்த மீனவக் குப்பத்துக்குப் போனாலும் மணலில் வரிசையாக நிற்பவை பெரும்பாலும் அவைதான். மரப் படகு என்றால் எந்தப் பலகையை மாற்றுவது, எங்கே அடைப்பது என்று பெரியவர்களுக்குக் கைப்பழக்கமாகத் தெரியும். ஃபைபர் படகில் ஓட்டை விழுந்தால் அந்தத் தெளிவு பலரிடம் இல்லை. ரெசினில் டால்க் பவுடரைக் குழைத்து, சுவருக்குப் பட்டி பார்ப்பதுபோல ஓட்டையில் அப்பி, தேய்த்து, பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். கரையில் நிற்கும்போது பழுது பார்த்த இடமே கண்ணுக்குத் தெரியாது. கடலில் அலை அடிக்க அடிக்க அந்த அடைப்பு ஒருநாள் வில்லை மாதிரி பெயர்ந்து விழும். அப்போது படகு எங்கே இருக்கும் என்பதுதான் கேள்வி.

நார் செய்ய வேண்டிய வேலையைப் பவுடரிடம் கொடுத்ததுதான் இதில் நடந்த தவறு. இரண்டின் குணமும் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் கைவேலை.

படகின் உடம்பு கண்ணாடி நாரும் பாலியெஸ்டர் ரெசினும் சேர்ந்தது. ஒரு கண்ணாடி இழையின் தடிமன் 10 முதல் 20 மைக்ரான், தலைமுடியைவிட மிகக் குறைவு. ஆனால் அதன் விறைப்பு காய்ந்த ரெசினைப்போல ஏறத்தாழ 20 மடங்கு. அலை அடிக்கும்போது ரெசின் அந்த விசையை இழையின் பக்கவாட்டு வழியாக அதற்குள் கடத்துகிறது. அப்படிக் கடத்த இழைக்குத் தடிமனைப்போலப் பல மடங்கு நீளம் வேண்டும். பவுடர் மணிக்கு நீளமே கிடையாது. விரிசல் வந்தால் மணியைச் சுற்றிக்கொண்டு போய்விடும். நாரைத் தாண்ட வேண்டுமென்றால் அறுத்துக்கொண்டோ உருவிக்கொண்டோதான் போக வேண்டும். மண்சுவருக்கு மண் குழைக்கும்போது வைக்கோலைப் போட்டு மிதித்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

அதற்காகப் பவுடரைக் குறைத்துப் பேசக்கூடாது. பாலியெஸ்டர் ரெசின் காயும்போது சூடாகும், சுருங்கும். பவுடர் சேர்த்தால் சூடும் குறையும், சுருக்கமும் குறையும், தேய்க்கவும் எளிதாக இருக்கும். மேல்பூச்சுக்கு அது வேண்டும். உடம்புக்குள் போடத்தான் கூடாது.

எதை வாங்குவது?

கண்ணாடி நார் கடையில் இரண்டு உருவத்தில் கிடைக்கும். ஒன்று மேட்: துண்டு நார்களைத் தாறுமாறாகப் பரப்பி, பசை போட்டு அழுத்திய விரிப்பு. சதுர மீட்டருக்கு 300 கிராம், 450 கிராம் என்று எடையைச் சொல்லிக் கேட்க வேண்டும். மற்றொன்று ரோவிங்: தடித்த நார்க்கற்றைகளைக் குறுக்கும் நெடுக்குமாக நெய்த துணி, பெரும்பாலும் 600 கிராம். மேட் அதிக ரெசினைக் குடிக்கும். அது காய்ந்தால் எடையில் 30 சதவீதம்தான் நார் இருக்கும். ரோவிங்கில் அது 50 சதவீதம் வரை வரும். பலத்துக்கு ரோவிங் வேண்டும், அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்ட மேட் வேண்டும். ரோவிங்கின் மேல் ரோவிங்கை நேராகப் போட்டால் நடுவில் ரெசின் மட்டுமே நிற்கும், பிறகு அடுக்கடுக்காகப் பிரியும்.

கார்பன் நார் போடலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கார்பன் கண்ணாடியைப்போல மூன்று மடங்கு விறைப்பானது, எடையும் குறைவு. ஆனால் கண்ணாடிப் படகில் ஒரு துண்டு கார்பன் வைத்தால் அந்த இடம் மட்டும் விறைத்து நிற்கும். வளைவு முழுவதும் அதன் ஓரத்தில் போய்ச் சேர்ந்து அங்கே விரிசல் விடும். உப்புத் தண்ணீரில் அலுமினியத்தைத் தொட்டால் அதை அரித்துவிடவும் செய்யும். குண்டு துளைக்காத உடைகளில் வரும் அராமிட் நாரைத் தேய்த்தால் பஞ்சுபோலப் பிரிந்து நிற்கும், ஓரத்தைச் சீராக்க முடியாது. தேங்காய் நார், சணல், கற்றாழை நார் எல்லாம் தண்ணீரை உறிஞ்சி உப்பும். அவை உள்ளறைப் பலகைகளுக்கு நல்லவை, படகின் அடிப்பாகத்துக்கு அல்ல. கண்ணாடிக்குக் கண்ணாடிதான் பொருத்தம்.

ரெசினில் ஐசோ என்று கேட்டு வாங்குங்கள். சாதா ரெசினைவிட விலை கூடுதல், ஆனால் தண்ணீரை நன்றாகத் தாங்கும். எபாக்ஸி பழைய ஃபைபரில் இதைவிட நன்றாகவே ஒட்டும். அதை வாங்கினால் மேட்டைத் தொடாதீர்கள். சாதாரண மேட்டில் உள்ள பசையைக் கரைப்பது பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன். எபாக்ஸியில் ஸ்டைரீன் இல்லாததால் மேட் நனையாமல் வெள்ளையாக விறைத்துக்கொண்டு நிற்கும். எபாக்ஸிக்கு நெய்த துணி மட்டும்தான்.

மேட் சுருளை ஈரத் தரையில் வைக்காதீர்கள். ரெசினோடு கோத்துக்கொள்வதற்கென்றே நாரின் மேல் மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. ஈரம் ஏறிய நாரில் அந்தப் பிடிப்பு கெட்டுவிடும்.

ஓட்டையைத் தயார் செய்தல்

பழுதின் பாதி வெற்றி இங்கேதான். முதலில் ஒரு நாணயத்தால் ஓட்டையைச் சுற்றித் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்ல இடம். மொத்தென்று கேட்டால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறது. அந்த இடம் முழுவதையும் வெட்டி எடுத்துவிட வேண்டும், மனசு கேட்காவிட்டாலும்.

வெட்டிய துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். திறந்த வெளியில், புகை முகத்தில் படாமல் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, அதை நெருப்பில் எரியுங்கள். ரெசின் எரிந்துபோகும், கண்ணாடி எரியாது. மிச்சம் இருப்பதை ஏடு ஏடாகப் பிரித்தால் எத்தனை மேட், எத்தனை ரோவிங், எந்த வரிசை என்று படகே சொல்லிவிடும். பரிசோதனைக்கூடங்களிலும் நாரின் அளவை இப்படி எரித்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

பிறகு நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவிக் காயவிடுங்கள். காய்ந்ததா என்று பார்க்க ஒரு பாலித்தீன் தாளை அந்த இடத்தில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி மூடுங்கள். மறுநாள் தாளின் உட்புறம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

எண்ணெய்ப் பிசுக்கை அசிட்டோனால் துடைத்த பிறகுதான் கிரைண்டரை எடுக்க வேண்டும். முன்னால் தேய்த்தால் பிசுக்கு ஃபைபருக்குள் ஏறிவிடும். 40 நம்பர் தாளில் ஓட்டையின் ஓரத்தை உள்பக்கத்திலிருந்து சரிவாகத் தேய்த்து வாருங்கள். சரிவின் கணக்கு 1க்கு 12. உடம்பின் கனம் 6 மி.மீ. என்றால் சரிவு 72 மி.மீ. நீளம். 10 செ.மீ. ஓட்டை உள்பக்கத்தில் ஏறத்தாழ 24 செ.மீ. வட்டமாக விரியும். இவ்வளவு பெரிதாகத் தேய்க்க வேண்டுமா என்று கை தயங்கும். பழைய ஃபைபரும் புதியதும் ஒட்டிப் பிடிக்க இந்தப் பரப்பு மட்டும்தான் இருக்கிறது, இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

வெளிப்பக்கத்தில், மெழுகு தடவிய சன்மைக்கா துண்டை ஓட்டையை மூடும்படி முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள். படகின் வளைவுக்கு அதுவும் வளைந்து கொடுக்கும்.

கலவையும் அடுக்கும்

450 கிராம் மேட் ஒரு அடுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. கனம் தரும், 600 கிராம் ரோவிங் முக்கால் மி.மீ. தரும். நம் 6 மி.மீ. கனத்துக்கு நாலு மேட்டும் நடுநடுவே மூன்று ரோவிங்கும் போதும். மேட்டில் தொடங்கி மேட்டில் முடிய வேண்டும். ரெசின், மேட் எடையைப்போல இரண்டரை மடங்கு, ரோவிங் எடைக்குச் சமம். இந்த ஓட்டைக்கு 300 கிராம் ரெசின் தாராளமாகப் போதும். மேட்டைக் கத்தரிக்காமல் கையால் கிழியுங்கள். கிழிந்த ஓரம் மெலிந்து பழைய பரப்போடு படிந்துவிடும்.

அடுத்ததைக் கவனமாகப் படியுங்கள். ரெசினைக் காயவைக்கும் கேட்டலிஸ்டையும் அதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்க்கக் கூடாது. சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். கோபால்ட் தனியாகக் கொடுத்திருந்தால் முதலில் அதை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கி முடித்த பிறகே கேட்டலிஸ்ட். அதன் அளவு ரெசினில் 1 முதல் 2 சதவீதம்: 100 கிராமுக்கு 1 முதல் 2 கிராம். கண்ணளவில் ஊற்றாமல் ஊசிக்குழாயில் அளந்து ஊற்றுங்கள். 1 சதவீதத்துக்குக் கீழே போனால் ரெசின் முழுதாகக் காயவே காயாது. கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதீர்கள். தப்பித் தெறித்தால் உடனே குறைந்தது 15 நிமிடம் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். ஸ்டைரீன் ஆவி 31 டிகிரி வெப்பத்திலேயே தீப்பற்றக்கூடியது. நம் கடற்கரையில் பாதி வருடம் அதைவிடச் சூடு. பக்கத்தில் பீடிகூட வேண்டாம்.

சரிவில் ரெசினைப் பூசி, பெரிய மேட்டை முதலில் வையுங்கள். சிறியதை முதலில் வைப்பவர்களும் உண்டு. பெரியதை முதலில் வைப்பதே நல்லது என்பது என் முடிவு: ஒரே ஏடு சரிவு முழுவதையும் தொட்டு ஒட்டுகிறது, மேலே தேய்க்கும்போது அந்த ஒட்டு அறுபடுவதும் இல்லை. பிரஷ்ஷால் இழுக்காமல் குத்திக் குத்தி நனையுங்கள். வரிபோட்ட இரும்பு ரோலரால் காற்றை ஓரத்துக்குத் தள்ளி வெளியேற்றுங்கள். நனைந்த நார் கண்ணாடிபோலத் தெளியும். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அங்கே காற்றோ காய்ந்த நாரோ இருக்கிறது, கடல் முதலில் அதைத்தான் கண்டுபிடிக்கும். மூன்று நான்கு அடுக்குக்கு மேல் ஒரே மூச்சில் போடாதீர்கள், சூடேறி வெந்துவிடும். சூடு தணிந்ததும் மிச்சத்தைப் போடுங்கள்.

இந்த ரெசினில் பவுடர் கலந்து அளவைக் கூட்டுபவர்கள் இருக்கிறார்கள். கலவை கெட்டிப்பட்டு நாருக்குள் இறங்காது. செலவு மிச்சம் என்று நினைப்பது படகின் பலத்திலிருந்து எடுத்த பணம்.

பவுடரின் முறை

உள்ளே பலம் வந்து, வெளியே நிறுத்திய சன்மைக்காவை எடுத்த பிறகுதான் பட்டிக்கு வேலை. தண்ணீர் மட்டத்துக்கு மேலே சின்னப் பள்ளங்களுக்கு ரெசினில் டால்க் குழைத்த பட்டி போதும். தண்ணீருக்குக் கீழே டால்க்கும் சாக் பவுடரும் வேண்டாம், அந்தப் பட்டி காலப்போக்கில் தண்ணீர் குடித்துக் கொப்புளிக்கும். அங்கே ஐசோ ரெசினில் ஏரோசில் கலந்து பூசுங்கள். அது பஞ்சைவிட லேசான சிலிக்காத் தூள்; கொஞ்சம் போட்டாலே ரெசின் வெண்ணெய்போல நிற்கும், செங்குத்தான பக்கத்தில் வழியாது. மூலைகளை உருட்டி நிரப்ப அதோடு அரை அங்குல நார்த் துண்டுகளையும் சேர்த்தால் அந்தப் பட்டிக்கே கொஞ்சம் பலம் வந்துவிடும். எடை குறைய வேண்டுமென்று உள்ளீடற்ற கண்ணாடி மணிகளைக் கலப்பதும் உண்டு, அது மேல்தளத்துக்கு மட்டும். எதைக் கலந்தாலும் மூக்கில் மாஸ்க் இருக்கட்டும்.

கடைசியாக ஜெல்கோட், அதாவது படகின் வெளிப்பூச்சு ரெசின். காற்றுப் பட்டால் அதன் மேற்பரப்பு பிசுபிசுவென்றே நிற்கும். கடைசிப் பூச்சில் மெழுகுக் கரைசல் கலந்து அடியுங்கள், இல்லாவிட்டால் பாலித்தீன் தாளால் மூடிவிடுங்கள்.

மறுநாள் நாணயத்தால் மீண்டும் தட்டிப் பாருங்கள். ஓரத்தில் அசிட்டோன் துணியை வைத்துத் துடையுங்கள். பரப்பு இளகி ஒட்டினால் ரெசின் காயவில்லை என்று பொருள், அதைத் தேய்த்து எடுத்துவிட்டுத் திரும்பப் போடத்தான் வேண்டும். எல்லாம் சரியாக இருந்தாலும் உடனே படகை இறக்காதீர்கள். தொட்டுப் பார்த்தால் கல்லாக இருக்கும் ரெசின் தன் முழுப் பலத்தை எட்ட ஒரு வாரம் ஆகும். அந்த ஏழு நாள் படகு கரையிலேயே நிற்கட்டும்.